ரே என்று பொறித்த குவளை

3 மார்ச் 2018, சனி

மூன்று நாளாகப் பனி. வாசற்படியில் வழுக்காமலிருக்க இரண்டாவது தடவையாக உப்புப் போட்டேன். மங்கை உள்ளேயிருந்து, "கறிக்கு வைச்ச உப்பையும் கொண்டுபோய்க் கொட்டுங்கோ" என்றாள். கொட்டியது அந்த உப்பைத்தான். அவளுக்கு இன்னும் தெரியாது.

வின்ஸ்டோக் உள்ளூர் வரலாற்றுக் குழுவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. கூப்பர்ஸ் ரெஸ்ட் பப்பை ஏப்ரலோடு மூடுகிறார்களாம். அந்த இடத்தில் அடுக்குவீடுகள் வரப்போகின்றன. ஊரின் பழைய பப்களைப் பற்றி நூலகத்தில் ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். கூப்பர்ஸில் ஐம்பது வருடம் குடித்தவர்களில் உயிரோடிருப்பவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. கடிதத்தில் அப்படி எழுதவில்லை, நானே விளங்கிக்கொண்டேன். நினைவில் இருப்பதை இரண்டு பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்கிறார்கள்.

முடியுமாவா? ரயில் நிலையத்திலிருந்து கால்வாய்ப் பாலம் வரை அந்தக் காலத்தில் பத்தொன்பது பப்கள். கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொல்வேன். ரெயில்வே ஆர்ம்ஸில் மேசை எல்லாம் ஒரு பக்கம் சரிந்திருக்கும். வீட்ஷீஃபில் ஒரு கிழட்டுக் கிளி, பாதிரியார் வந்தால் மட்டும் கெட்ட வார்த்தை பேசும். ப்ளோவில் பெண்கள் தனியாக வந்தால் பக்கவாசலால்தான் விடுவார்கள். மங்கைக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினேன். "பிள்ளையளின்ர பிறந்த நாளைக் கேட்டா மட்டும் காலண்டரைப் பாப்பியள்" என்றாள்.

மகன் கிறிஸ்மஸுக்குத் தந்த இந்த டயரி சும்மாதான் கிடந்தது. எழுதிப் பழகலாம் என்று எடுத்திருக்கிறேன். தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலமாக்கிக் கொடுக்கலாம். வெள்ளைக்காரர் பேசுவதையும் எங்களுடைய பேச்சிலேயே எழுதப்போகிறேன். இந்த வயதில் வேறு வழியில்லை.

6 மார்ச், செவ்வாய்

1968 அக்டோபர். இங்கிலாந்துக்கு வந்து, கொதிகலன் தொழிற்சாலையில் இயந்திரப் படம் வரைபவனாகச் சேர்ந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை. எனக்கு இருபத்துமூன்று வயது. பக்கத்து மேசை ஃபிராங்க் டாப்ஸ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "நீ குடிப்பியா, இல்லாட்டி உங்கட சமயம் விடாதா?" என்று கேட்டான். சமயம் விடும், அப்பாதான் விடமாட்டார் என்றேன். அப்பா ஆறாயிரம் மைலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் இருந்தார்.

கூப்பர்ஸின் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த சூடு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. நிலக்கரி அடுப்பு, சிகரெட் புகை, நனைந்த கம்பளிக் கோட்டுகள். தரைவிரிப்பு சப்பாத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலாளி லென் கார்ட்ரைட் தடித்த கழுத்தில் சின்னதாக ஒரு வண்ணத்துப்பூச்சி டை கட்டியிருப்பான். ஃபிராங்க் என்னை அவனுக்கு அறிமுகப்படுத்தினான். இராசநாயகம் என்ற பெயர் அந்தக் கதவுக்குள் நுழையவில்லை. "ரே எண்டு வைப்பம்" என்றான் லென். அன்றிலிருந்து இந்த ஊருக்கு நான் ரே.

நாலாவது வெள்ளிக்கிழமைதான் அது நடந்தது. வழக்கம்போல கிளாஸுக்குக் கையை நீட்டினேன். லென் கவுண்டருக்குக் கீழேயிருந்து ஒரு வெள்ளீயக் குவளையை எடுத்து வைத்தான். பளபளவென்று புதுசு. ஆங்கிலத்தில் 'ரே' என்று பொறித்திருந்தது. அந்தப் பப்பில் ஏழு பேருக்குத்தான் சொந்தக் குவளை இருந்தது. ஏழு பேரும் இருபது முப்பது வருடமாக வருகிறவர்கள். எனக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஃபிராங்க் கை தட்டினான், மற்றவர்களும் தட்டினார்கள்.

மற்ற ஏழும் கவுண்டருக்கு மேலே பித்தளைக் கம்பியில் வரிசையாகத் தொங்கும். எனக்கென்று லென் பின்கதவுப் பக்கத்துத் தூணில் புதிதாக ஒரு கொக்கி அடித்திருந்தான். தனிக் கொக்கி. அன்றைக்கு அறைக்கு வந்து அப்பாவுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். பியரை மட்டும் விட்டுவிட்டு, இங்கே எனக்குப் பெயர் பொறித்த கிண்ணம் தந்து மரியாதை செய்திருக்கிறார்கள் என்று எழுதினேன். அப்பா அதை ஊரில் எங்கள் கடையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாராம்.

10 மார்ச், சனி

பனி கரைந்துவிட்டது. கூரைப் பீலியில் இலை அடைத்திருந்தது, ஏணி வைத்து எடுத்தேன். மங்கை கீழே நின்று ஏணியைப் பிடிக்காமல் திட்டிக்கொண்டிருந்தாள்.

பழப்புளி போட்டுக் குவளையைத் துலக்கினேன். லென் செத்து, கைமாறி, 2003இல் பப்பைத் திருத்திக் கட்டியபோது என்னிடமே தந்துவிட்டார்கள். அதிலிருந்து வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில், மகனுடைய பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. பெயர் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. ஆனால் வாசிக்கலாம்.

14 மார்ச், புதன்

வரலாற்றுக் குழுவின் செயலாளர் ஜில் ஆஷ்டன் வந்தாள். ஐம்பது வயது இருக்கும், பேசும்போது தோளைத் தொட்டுத் தொட்டுப் பேசுகிறாள். குவளையைக் கையில் எடுத்ததும் அவளுக்குக் கண் விரிந்துவிட்டது. "ரே, இதுதான் கண்காட்சிக்கு நடுவில வரவேணும். 1968இல இலங்கையில இருந்து வந்த ஒரு பொடியனுக்கு இந்த ஊர் குடுத்த வரவேற்பு" என்றாள். தனிக் கண்ணாடிப் பெட்டி, அறுபது சொல்லில் ஒரு குறிப்பு, திறப்பு விழாவில் நான் பேசுவது, எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"வேற தமிழ் ஆக்கள் ஆரும் அந்தக் காலத்தில கூப்பர்ஸுக்கு வந்தவையோ?" என்று கேட்டாள். ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன், ஒருநாள்தான், அவருக்கு ஒத்துவரவில்லை என்றேன். ஒத்துவரவில்லைதான்.

லென்னின் மகள் வெண்டி உயிரோடு இருக்கிறாளாம், இருபது நிமிடப் பஸ் தூரத்தில். கவுண்டருக்குப் பின்னால் கிளாஸ் கழுவிக்கொண்டு நின்ற பதினாலு வயதுப் பெட்டை. பார்த்து நாற்பது வருடம் இருக்கும். போய்ப் பேசி இன்னும் இரண்டு மூன்று கதைகள் வாங்கி வரச் சொன்னாள் ஜில். திங்கட்கிழமை போகிறேன். குவளையையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

19 மார்ச், திங்கள்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெண்டி என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தாள். தேநீர், பிஸ்கட், அவளுடைய முழங்கால் வலி, என்னுடைய முழங்கால் வலி. பிறகு பையிலிருந்து குவளையை எடுத்து மேசையில் வைத்தேன். அவள் கையைத் தட்டிச் சிரித்தாள்.

"ஐயோ, இதை இன்னும் வைச்சிருக்கிறியளோ? இதாலதான் என்ர கை முழுக்க வெடிச்சது தெரியுமோ?"

எனக்கு விளங்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அம்மா இதை உள்ளுக்குள்ள கழுவ விடமாட்டாவே. பின்முற்றத்துக் குழாயிலதான் கழுவவேணும். இதுக்கெண்டு ஒரு சின்ன வாளி, ஒரு துணி. குளிருக்கை கை விறைச்சுப் போகும். எத்தினை நாள் அழுதிருக்கிறன்."

அவள் அதைப் பழைய பகிடி ஒன்றைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். நானும் சிரித்த முகத்தோடுதான், மற்ற ஏழு குவளைகளையும் எங்கே கழுவுவீர்கள் என்று கேட்டேன்.

"அது உள்ளுக்குள்ள, எல்லாத்தோடையும் சேர்த்து." அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "ரே, உங்களுக்குத் தெரியும்தானே? எல்லாருக்கும் தெரியுமே. உங்களுக்கும் தெரியுமெண்டுதான் நாங்கள் நினைச்சது."

பிறகு அவளாகவே எல்லாவற்றையும் சொன்னாள். தன் அப்பாவுக்காக வக்காலத்து வாங்கித்தான் சொன்னாள். ஆரம்பத்தில் இரண்டு மூன்று பேர் லென்னிடம் வந்து, அவன் குடித்த கிளாஸில் நாங்கள் குடிக்கமாட்டோம், அவன் வந்தால் நாங்கள் வீட்ஷீஃபுக்குப் போகிறோம் என்றார்களாம். நிறம் பார்த்து ஆளை மறுக்கக் கூடாது என்ற புதுச் சட்டத்தின்படி என்னை வெளியே போகச் சொல்லவும் முடியாது. லென் ஒரு கிழமை யோசித்தானாம். "அப்பா ஆரையும் நோகப் பண்ண விரும்பாத மனுசன். தன்ர காசில பேர் வெட்டுவிச்சவர். உங்களுக்கும் சந்தோசம், அவைக்கும் சந்தோசம்" என்றாள்.

யார் அந்த இரண்டு மூன்று பேர் என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"முதல்ல வந்து சொன்னது ஃபிராங்க்தான்."

ஃபிராங்க் டாப்ஸ். என்னைக் கதவைத் திறந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனவன். அன்றைக்கு முதலில் கை தட்டியவன். 1994இல் அவனுடைய சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நான் ஒருவன். இடதுபக்கம், முன்னால்.

எப்படிப் பஸ் ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று தெரியாது. இரண்டு தரிப்பிடம் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தேன்.

20 மார்ச், செவ்வாய்

குசினித் தொட்டி அடைத்துக்கொண்டது. குழாயைக் கழற்றித் துப்புரவாக்கினேன்.

22 மார்ச், வியாழன்

இரண்டு நாளாக லென்னுக்காக நானே வழக்காடிக்கொண்டிருந்தேன். நல்ல மனுஷன். என் கல்யாணத்துக்குப் பூச்செண்டு அனுப்பினான். ஃபிராங்க் என் மகனுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கினான். பழகியதெல்லாம் பொய்யாகுமா? பின்முற்றத்துக் கழுவல்கூட 1981இல் கிளாஸ் கழுவும் மெஷின் வந்ததோடு நின்றுவிட்டதாம். அப்படியென்றால் பதின்மூன்று வருடம்தான். பதின்மூன்றை ஐம்பதில் கழித்துப் பார்க்கிறேன், நான் என்ன ஆள்.

இன்று மங்கையிடம் சொன்னேன். கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"தனியா ஒரு ஆணியில கொழுவி இருந்தது எண்டு நீங்கள்தானே ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனியள்?"

"கொக்கி. ஆணி இல்லை."

"சரி, கொக்கி. உங்களுக்கு ஒருநாளும் யோசினை வரேல்லையோப்பா? உங்களுக்கு?"

கடைசிச் சொல்லை அவள் அழுத்திச் சொன்னாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஏன் அழுத்தினாள் என்று எழுதத்தான் வேண்டும். ஊரில் சந்தியில் எங்களுக்குத் தேநீர்க் கடை இருந்தது. உள்ளே உட்கார வாங்கும் மேசையும், குடிக்கக் கண்ணாடிக் கிளாஸ். உள்ளே வரக்கூடாத ஆட்களுக்குப் பின்பக்க வேலியில் தகரப் பேணிகள் தொங்கும். அவர்கள் வந்து தங்கள் தங்கள் பேணியை எடுத்து நீட்ட வேண்டும், நாங்கள் முட்டாமல் உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும், குடித்து முடித்து அவர்களே கழுவித் திருப்பிக் கொழுவ வேண்டும். எங்கள் கடையில் மட்டுமல்ல, அந்தப் பகுதியில் எல்லாக் கடையிலும் அப்படித்தான். நான் கண்டுபிடித்த வழக்கமல்ல.

அப்பா என் கடிதத்தை வாசித்துக் காட்டியது அந்தக் கடையில் வைத்துத்தான். சத்தமாக வாசிக்கும் மனிதர். வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

24 மார்ச், சனி

நான் கூப்பர்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போன ஆள் தவராசா.

அவர் எங்கள் ஊர். ஆனால் ஊரில் நாங்கள் பேசிக்கொண்டதில்லை, அதற்கு இடமில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, 1970இல் இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு ஆண் தாதியாக வந்தார். யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். யார் என்று தெரிந்ததும் கொஞ்சம் தயங்கினேன். பிறகு, இங்கே வந்து என்ன அதெல்லாம் என்று நானே தோளில் கை போட்டுக் கூப்பிட்டேன். அதை அப்போது பெரிய விஷயமாக நினைத்துக்கொண்டேன். அவர் என்னை மிஸ்டர் நாயகம் என்று கூப்பிட்டார். எங்கள் ஊர் ஆள் ஒருவர் என்னை மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடிக்கவில்லை.

சனிக்கிழமை மாலை. தூணில் தொங்கிய குவளையை அவருக்குப் பெருமையாகக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை, அது தொங்கிய கொக்கியைப் பார்த்தார், பக்கத்திலிருந்த பின்கதவைப் பார்த்தார். லென் அவர் முன்னால் வைத்த கிளாஸை அவர் தொடவேயில்லை. நான் முதல் குவளையை முடித்து நீட்டினேன். வெண்டி அதை எடுத்துக்கொண்டு பின்முற்றத்துக்குப் போனாள். அவர் என் காதுக்குக் கிட்டக் குனிந்து சொன்னார்.

"மிஸ்டர் நாயகம், அடுத்ததை ஒருக்காச் சும்மா கிளாஸில கேட்டுப் பாருங்கோ. தருவினமோ எண்டு பாப்பம்."

அவ்வளவுதான் சொன்னார். நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால், கண்ணுக்கு முன்னால் வைத்துச் சொன்னார். நான் கேட்டுப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. பொறாமை என்று நினைத்தேன். பதிலுக்கு ஏதோ சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு கோயில், சாவீடு, தமிழ்ச் சங்க விழா, எங்கே கண்டாலும் தலையை ஆட்டுவோம். நாற்பத்தெட்டு வருடத் தலையாட்டல்.

2 ஏப்ரல், திங்கள், ஈஸ்டர் விடுமுறை

தவராசா வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்குள் நான் நுழைந்தது இது இரண்டாவது தடவை. முதல் தடவை 1986இல், அவர் குடிபுகுந்த நாள். அன்றைக்கு எனக்கு வயிறு சரியில்லாமல் இருந்ததால் எதையும் வாயில் வைக்கவில்லை.

அவர் முன்வளவில் ரோஜாச் செடி வெட்டிக்கொண்டிருந்தார். மனைவி இறந்து மூன்று வருடமாகிறது. மகள் சுகந்தினி, மருந்துக்கடையில் வேலை, விடுமுறைக்கு வந்து சமைத்துக்கொண்டிருந்தாள். எங்களை முன்னறையில் இருத்திவிட்டுக் குசினிக்குப் போனாள்.

வெண்டி சொன்னதைச் சொன்னேன். அவர் கத்தரிக்கோலைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அம்பது வருசம் எடுத்திருக்கு, மிஸ்டர் நாயகம்."

"நீங்கள் அண்டைக்கே சொன்னனியள்."

"ஓம். அதுக்கு நீங்கள் சொன்னதும் ஞாபகம் இருக்கு." நான் வேண்டாம் என்பதுபோல் கையைக் காட்டினேன். அவர் நிறுத்தவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "'எங்க வந்தாலும் உங்கட ஆக்களுக்கு வேலிப் பேணிதான்ரா ஞாபகம்.' அப்பிடித்தான் சொன்னனியள். மேசையில கையைத் தட்டிச் சொன்னனியள்."

அப்படியே சொல்லவில்லை என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். சொன்னேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இந்த டயரியில் இத்தனை நாளாக எழுதாமல் விட்டதே அதைத்தான்.

"இன்னொண்டும் சொல்லுறன்" என்றார். "சனிக்கிழமையில டியூட்டி முடிஞ்சு வரேக்கை அந்தப் பப்பின்ர ஜன்னலுக்கு முன்னால நிப்பன். ரெண்டு நிமிசம். நீங்கள் அதைத் தூக்கிக் குடிக்கிறதைப் பாக்க. எனக்கு நல்லா இருக்கும். சரியான சந்தோசமா இருக்கும். மூண்டு வருசம் அப்பிடி நிண்டிருக்கிறன்."

"பிறகு?"

"பிறகு கலியாணம் கட்டினன். நேரம் கிடைக்கேல்லை."

ஜன்னலுக்கு வெளியே ஒருவர் நின்று என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார். உள்ளே இருந்தவர்களுக்கும் சந்தோஷம். அந்த இடத்தில் விஷயம் தெரியாத ஒரே ஆள், எல்லாரையும்விடச் சந்தோஷமாக இருந்த ஆள், நான்.

நூலக விழாவுக்கு வாருங்கள் என்று கேட்டேன். "நான் ஏன்? அது உங்கட குவளை. என்ர அப்பான்ர பேணிக்கு ஆர் கண்ணாடிப் பெட்டி செய்யிறது?" என்றார். குசினியில் பாத்திரச் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

தேநீர் குடிக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வழி முழுக்க யோசித்துப் பார்த்தேன், கேட்கவில்லை.

7 ஏப்ரல், சனி

ஜில் வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அழுதாள், உண்மையாகவே அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, "ரே, இது முந்தினதை விடப் பெரிய கதை. இந்த ஊர் இதைத் தெரிஞ்சுகொள்ளத்தான் வேணும்" என்றாள். உள்ளூர்ப் பத்திரிகைக்கும் சொல்கிறாளாம்.

நான் எழுதி வைத்த குறிப்பைக் கொடுத்தேன். இரண்டு பகுதி. குவளையை ஏன் தந்தார்கள் என்பது முதலாவது. என் தந்தையின் கடையிலும் இப்படித் தனிப் பேணிகள் இருந்தன, அவற்றில் நானே ஊற்றியிருக்கிறேன் என்பது இரண்டாவது. முதலாவதை வாசித்துத் தலையாட்டினாள். இரண்டாவதில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது இலங்கை விசயம் எல்லோ. இந்த ஊரோட சம்பந்தமில்லை. பாக்க வாற ஆக்கள் குழம்பிப் போவினம். இதில பாதிக்கப்பட்டது நீங்கள். அறுபது சொல்லுத்தான் இடமும் இருக்கு." என் தோளைத் தொட்டாள்.

ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஊர் முழுக்க எனக்காக இரங்கும். பத்திரிகையில் படம் வரும். இரண்டாவது பகுதியை வெட்டியது நானல்ல, ஜில். அவள் போன பிறகும் அந்த நிம்மதி கொஞ்ச நேரம் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

14 ஏப்ரல், சனி

வருடப்பிறப்பு. மருத்துநீர் வைத்துக் குளித்தோம். பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது, யாரும் குறை சொல்லவில்லை.

குறிப்பில் இல்லாவிட்டால் வாயால் சொல்லப்போகிறேன் என்று மங்கையிடம் சொன்னேன். "எங்கட ஆக்கள் எல்லாரும் வருவினம். உங்கட அப்பான்ர பேரைச் சபையில இழுக்கப்போறியளோ?" என்றாள். இரண்டு மணி நேரத்துக்குள் தமிழ்ச் சங்கத் தலைவர் சிவபாதம் தொலைபேசியில் வந்துவிட்டார். புதுவருட வாழ்த்துச் சொன்னார். பிறகு, "அண்ணை, வெள்ளைக்காரன் எங்களுக்குச் செய்ததைச் சொல்லுங்கோ, நாங்கள் பின்னால நிக்கிறம். மற்றது எங்கட வீட்டு விசயம். அவங்களுக்கு முன்னால ஏன்?" என்றார். யோசிக்கிறேன் என்றேன்.

யோசித்தேன். என்னைப் பற்றி இவ்வளவு பேர் கவலைப்பட்டது இதற்கு முன் எப்போது என்றும் யோசித்தேன்.

21 ஏப்ரல், சனி

நூலகம் நிறைந்திருந்தது. எண்பது பேர் இருக்கும். குவளை நடுவில் கண்ணாடிக்குள், கீழேயிருந்து வெளிச்சம் போட்டிருந்தார்கள். வெண்டி வரவில்லை. தவராசாவும் வரவில்லை. சுகந்தினி பின்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். சிவபாதமும் சங்கத்து ஆட்களும் இரண்டாவது வரிசை.

முதல் பகுதியைச் சொன்னேன். லென்னையும் ஃபிராங்கையும் பெயர் சொல்லித்தான் சொன்னேன். முன்வரிசைக் கிழவி ஒருத்தி கைக்குட்டையை எடுத்தாள். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்பார்கள். நிறுத்தவில்லை.

கடை, வேலி, பேணி, நான் ஊற்றிய உயரம், எல்லாவற்றையும் கையால் காட்டிச் சொன்னேன். இப்படி ஒன்றைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு இந்தக் குவளை தெரியாமல் போனது எப்படி என்று நீங்கள் கேட்கலாம், எனக்கு இது நடக்கும் என்று நான் நினைக்கவில்லை, மற்றவர்களுக்கு நடப்பது என்றுதான் நினைத்தேன் என்றேன். தவராசா சொன்னதையும் நான் திருப்பிச் சொன்னதையும் சொன்னேன். வெள்ளைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிவபாதம் எழுந்து வெளியே போனார். அவருக்குப் பின்னால் நாலு பேர். மங்கை போகவில்லை. மடியிலிருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

கேள்வி ஏதாவது உண்டா என்று ஜில் அவசரமாகக் கேட்டாள். சுகந்தினி எழுந்தாள். இங்கே பிறந்த பிள்ளை, யோசித்து யோசித்துத் தமிழில் கேட்டாள்.

"அங்கிள், அந்த வேலியில என்ர தாத்தான்ர பேணி எது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும் பிள்ளை." உடனே வந்துவிட்டது. யோசிக்கவே இல்லை. "வேலிப் படலை வாசலில இருந்து நாலாவது. அடியில ஓட்டை, ஈயம் வைச்சு அடைச்சிருந்தது. விளிம்பு ஒரு பக்கம் மடிஞ்சு கூரா இருக்கும். அவர் மற்றப் பக்கத்தால திருப்பிப் பிடிச்சுக் குடிப்பார். சுடச்சுடத்தான் வேணும் அவருக்கு. ஒரே மூச்சில குடிச்சிடுவார்."

அவள் அப்படியே நின்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் ஒருவகைச் சிரிப்பும் இருந்தது. தன் தாத்தா தேநீர் குடிப்பதை அவள் முதன்முதலாகப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. எனக்கும் மனது இளகியது. இவ்வளவாவது ஞாபகம் வைத்திருக்கிறேனே என்று, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அவற்ர பேர் என்ன அங்கிள்?"

அவளுக்குத் தெரியாமலா கேட்டாள். வாயைத் திறந்தேன். முகம் வந்தது, கழுத்து நரம்பு வந்தது, குடிக்கும்போது குரல்வளை ஏறி இறங்குவது வந்தது. பெயர் வரவில்லை. மறந்து போனதல்ல. ஏழு வருடம் அவருக்குத் தேநீர் ஊற்றியிருக்கிறேன், ஒருநாளும் பெயரைக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவள் காத்துக்கொண்டு நின்றாள். சபையே காத்துக்கொண்டிருந்தது.

"தெரியாது பிள்ளை" என்றேன்.

ஜில் என் பக்கம் குனிந்து, அவள் என்ன கேட்டாள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, கேள்வியையும் பதிலையும் ஆங்கிலத்தில் எல்லாருக்கும் சொன்னேன்.